‘வாய்ஸே கேக்கலப்பா’: வீட்டு ராக் மிக்ஸுக்கு வரும் புகார்களும் அவற்றின் வேரும்

வேலூரில் வளர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி வரிசை புதிதல்ல. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி காட்பாடியில் இறங்குவார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் தோளைத் தொட்டு ‘இங்கே வலிக்கிறது’ என்பார்கள். அந்தத் தோள் வலிக்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருப்பதும் உண்டு. வலிப்பது நிஜம்தான், கோளாறு இருக்கும் இடம்தான் வேறு.

வீட்டு அறையில் ரெக்கார்ட் செய்த ராக் பாட்டைக் கேட்டுவிட்டு ஆட்கள் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ‘வாய்ஸை ஏத்துப்பா’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது என்பது வரைக்கும் நம்பலாம். வாய்ஸை ஏற்றினால் சரியாகிவிடும் என்பது அவருடைய ஊகம். பத்து வருஷமாக சத்துவாச்சாரி மாடி அறை ஒன்றில் பாட்டு செய்தும், மற்றவர்கள் கொண்டுவரும் மிக்ஸை (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலந்ததை) கேட்டுக் கருத்து சொல்லியும், இரண்டிலும் அடிபட்டுக் கற்றதைப் புகார் வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்த புகாரை மட்டும் தேடிப் படித்தாலும் போதும்.

முதலில், ஃபைலை அனுப்பும் விதம்

பாதிப் புகார்கள் பாட்டைப் பற்றியவையே இல்லை, ஃபைல் போய்ச் சேர்ந்த விதத்தைப் பற்றியவை. ஒரு பையன் லேப்டாப் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, அதைப் போனில் வாய்ஸ் நோட்டாகப் பிடித்து அனுப்பி, ‘அண்ணா, மிக்ஸ் எப்படி?’ என்று கேட்டான். நானும் பேஸ் (அடியில் ஒலிக்கும் கனத்த சத்தம்) பத்தலை என்று பத்து வரி எழுதி அனுப்பினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாய்ஸ் நோட்டு பேச்சுக்கென்று செய்யப்பட்டது, மோனோ (இடம் வலம் இல்லாத ஒற்றைத் தடம்), அதில் பேஸைத் தேடுவது பாலாற்றில் மே மாசம் படகு தேடுவது மாதிரி.

24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். நாலு நிமிடப் பாட்டு 48 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 69 எம்.பி. வரும், தாராளமாகப் போகும். ஃபைல் பெயரில் பாட்டு, தேதி, வெர்ஷன் எண் மூன்றும் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் நிஜமா’ என்று வைத்தால் யார் எதைக் கேட்டுச் சொன்னார்கள் என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று, கூடவே மன்னிப்புக் கடிதம் அனுப்பாதீர்கள். ‘வாய்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும், கண்டுக்காதீங்க’ என்று எழுதி அனுப்பினால் கேட்பவர் வாய்ஸை மட்டும்தான் கண்டுகொள்வார்.

‘சூப்பரா கீது மச்சி’

புகாரே வராததுதான் பெரிய கோளாறு. பாட்டைக் குழுவில் போட்டீர்கள், ஏழு பேர் நெருப்புப் பொம்மை போட்டார்கள், ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘எப்படி இருக்கு?’ என்பது ‘சாப்பிட்டீங்களா?’ மாதிரியான கேள்வி, அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

கேள்வியை மாற்றுங்கள். ‘இரண்டாவது சரணத்தில் பாடுகிற வரியை எழுதி அனுப்புங்க’, ‘எந்த நிமிஷத்தில் வேற நினைப்பு வந்துச்சு?’, ‘சோலோ முடிஞ்சு பல்லவி திரும்பி வர்றப்ப சத்தம் ஏறிச்சா, இறங்கிச்சா?’ இவற்றுக்கு ‘சூப்பர்’ என்று பதில் சொல்ல முடியாது. எதில் கேட்டார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள்: போன் ஸ்பீக்கரா, காதில் மாட்டியதா, காரா? அது தெரியாத கருத்தை வைத்து ஒரு ஃபேடரைக்கூட (ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் பிடி) நகர்த்தாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கிட்டார் வாசிப்பவர் கிட்டாரைத்தான் கேட்பார். எனக்கு மிகவும் பயன்பட்ட காது பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவருக்கு ராக் பிடிக்காது, பிடிக்காததை மறைக்கவும் தெரியாது.

‘வாய்ஸே கேக்க மாட்டுது’

நம் ஊரில் ராக் மிக்ஸுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலில் புகார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நாம் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். அதில் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் கைகட்டிப் பின்னால் நிற்கும், ஒரு எழுத்து தவறாமல் காதில் விழும். ராக்கில் பாடகர் வாத்தியங்களுக்கு நடுவே நின்று பாடுகிறார், கிட்டாரோடு தோள் உரசுகிறார். பெரியப்பா ‘பாட்டு எங்கடா?’ என்று கேட்டால் அது ரசனை சார்ந்ததாக இருக்கலாம். ராக் கேட்டுப் பழகிய நண்பரும் அதையே சொன்னால் அது கோளாறு. ஆகவே இந்தப் புகாருக்கு இரண்டு வகைக் காதுகள் தேவை.

அடுத்தது, உங்கள் காதை நம்பாதீர்கள். வரிகளை எழுதியவர் நீங்கள், நூறு தடவை கேட்டவரும் நீங்கள். குரல் முழுக்க மூழ்கியிருந்தாலும் உங்கள் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். எங்கள் பாட்டில் ‘பாலாத்து மணலெல்லாம்’ என்று ஒரு வரி. அக்காவிடம் காகிதம் கொடுத்துக் கேட்ட வரிகளை எழுதச் சொன்னேன். ‘பாலாட்டம் மனசெல்லாம்’ என்று எழுதியிருந்தார். மணல் கொள்ளையைப் பற்றிய பாட்டு காதல் பாட்டாகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறோம்: வரி தெரியாத ஒருவர், ஒரே தடவை, எழுத்தில்.

இப்போது வைத்தியம். கை தானாக வாய்ஸ் ஃபேடருக்குப் போகும், போக விடாதீர்கள். வாய்ஸை 3 டெசிபல் ஏற்றினால் டிரம்ஸ் சின்னதாகத் தெரியும், டிரம்ஸை ஏற்றுவீர்கள், பிறகு பேஸ் காணாமல் போகும், அதையும் ஏற்றுவீர்கள், கடைசியில் எல்லாம் ஏறி மாஸ்டரில் சிவப்பு விளக்கு எரியும், வாய்ஸ் பழைய இடத்திலேயே இருக்கும்.

சொல் புரிவது மெய்யெழுத்துகளால். க், ச், ட், த் ஆகியவற்றின் கூர்மை பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் அதே இடத்தில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒரு பெஞ்சில் இருவர். எனவே கிட்டார் டிராக்குகள் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் ‘பஸ்’ எனப்படும் ஒரே பாதையில் சேர்த்து, ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 2.5 - 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அகலமாக 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். ஒற்றையாகக் கேட்டால் கிட்டார் மந்தமாகத் தோன்றும். ஒற்றையாகக் கேட்காதீர்கள், யாரும் உங்கள் கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்கப் போவதில்லை. கிட்டார் வாசித்தவரைத் தவிர.

அப்புறம், எந்தச் சொல் விழவில்லையோ அந்தச் சொல்லை மட்டும் ஆட்டோமேஷனில் (பாட்டு ஓடும்போதே ஃபேடர் தானாக நகரும்படி எழுதி வைப்பது) ஒன்றரை டெசிபல் தூக்குங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரஷர் போட்டு மொத்தமாக நசுக்குவதைவிட இது அலுப்பான வேலை, ஆனால் குரல் உயிரோடு இருக்கும். ரிவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி) நீளமாக இருந்தால் குறையுங்கள். வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கேட்கவில்லையென்றால் கோளாறு மிக்ஸில் இல்லை, அரேஞ்ச்மென்ட்டில். பாடும்போது லீட் கிட்டாரும் கூடவே பேசிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். ‘ஈக்யூ மாத்து’ என்று சொல்வது சுலபம், ‘நீ இந்த எட்டு பாரில் (தாளச் சுற்றில்) வாசிக்காதே’ என்று நண்பரிடம் சொல்வது கஷ்டம். எங்கள் குழுவில் அதைச் சொல்ல இரண்டு மாதமும் ஒரு ஆம்பூர் பிரியாணியும் ஆனது.

‘டப்பாக்குள்ள பாடுற மாதிரி கீது’

இது அறையின் குரல். நாலு பக்கமும் சுண்ணாம்படித்த சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். தட்டியதும் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு சின்ன நடுக்கம் வந்தால் அதுதான் உங்கள் டிராக்கிலும் பதிவாகியிருக்கிறது. 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் ஈக்யூவில் கொஞ்சம் குறைத்தால் டப்பாத்தனம் தணியும், தீராது. பதிவான எதிரொலியைப் பிரித்தெடுப்பது பாயசத்திலிருந்து சர்க்கரையைப் பிரிப்பது போல.

அடுத்த ரெக்கார்டிங்குக்கு: சாதாரணமாக நாம் பயன்படுத்தும் கார்டியாய்ட் மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அதிகம் பிடிக்கும். அதாவது பாடுபவரையும், அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு மெத்தை வேலை செய்யவில்லை என்கிறார்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைப்பதும் உதவும். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சிவிட்டுக் கரப்பானுக்கு வீடாகும்.

வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது தவம். நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடுகிறோம். அப்போதும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகளின் உறுமல் அடியில் இருக்கும், குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் போகும்.

இந்தப் புகாரைச் சொல்பவருக்கும் ஒரு வேலை உண்டு. சொல்வதற்கு முன் ‘பாட்டு எந்தக் கட்டத்தில் இருக்கு?’ என்று கேளுங்கள். நாளை வெளியிடப் போகிறவரிடம் ‘ரூம் சரியில்லை, மறுபடி பாடு’ என்றால் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை, இரவு தூக்கம் கெடும், அவ்வளவுதான். அடுத்த பாட்டுக்கு முன்னால் சொல்லுங்கள்.

‘காது கூசுது’

கிட்டாரில் தேனீக் கூட்டம் மாதிரி ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ இருக்கிறதா? ஈக்யூவைத் தொடும் முன் ஆம்ப் சிமுலேட்டரை (கிட்டார் ஆம்ப் மாதிரி நடிக்கும் சாஃப்ட்வேர்) திறந்து கேபினெட் பகுதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னிடம் வந்த மிக்ஸ்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. நிஜ கிட்டார் ஆம்பில் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடும். சிமுலேட்டரில் அந்தப் பெட்டி இல்லையென்றால் டிஸ்டார்ஷன் பச்சையாக வந்து காதைக் கிழிக்கும்.

அது சரியாக இருந்தால், நீங்கள் மிக்ஸ் செய்த நேரத்தையும் சத்தத்தையும் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, மூன்று மணி நேரம் ஹெட்ஃபோனில் அலறவிட்ட காது மந்தமாகிவிடும். மந்தமான காது இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று கேட்கும், நீங்களும் சிம்பலை ஏற்றுவீர்கள். காலையில் கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. சின்ன அறையில் 70 - 75 டெசிபலுக்குள் வேலை செய்யுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது செவிப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு, அங்கிருந்து ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். உங்களுக்கு இந்தப் பாட்டுக்குப் பிறகும் காது வேண்டும்.

ச, ஷ மட்டும் சீறினால் 5 - 8 கிலோஹெர்ட்ஸில் டீ-எஸ்ஸர், அதாவது சீறலை மட்டும் அடக்கும் கருவி. வேறொன்றும் இல்லை.

‘பஸ்ல குமுறுது, போன்ல பேஸே காணோம்’

வெளிநாட்டுக்காரர்கள் காரில் போட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்குக் காட்பாடி–பாகாயம் தனியார் பஸ். டிரைவர் அண்ணனைப் பழக்கம் பிடித்து, கூட்டமில்லாத மதிய டிரிப்பில் ஒரே ஒரு தடவை எங்கள் பாட்டைப் போட வைத்தோம். கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டார். ‘இன்னாப்பா இது, கண்ணாடி எல்லாம் ஆடுது’ என்றார். குறிப்பாக ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ஆடியது. பேஸ் கிட்டாரில் ஏ கம்பி, முதல் ஃப்ரெட் (விரல் வைக்கும் முதல் கட்டம்).

பேஸ் வாசிக்கும் தம்பி தன் கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்து ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஷிஃப்டை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கே கிளம்பிவிட்டான். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நின்றான்.

கணக்கு இது. எங்கள் அறை பத்துக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. அதாவது 3.05 மீட்டர். எங்கள் ஊர் வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண் 352 வகுத்தல் 6.1, கிட்டத்தட்ட 58 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே 58. ஏ கம்பியின் முதல் ஃப்ரெட் 58.27 ஹெர்ட்ஸ்! அந்தச் சுரம் சுவர் ஓரத்தில் குமுறும், அறையின் நட்ட நடுவில் காணாமல் போகும். நான் உட்கார்ந்து மிக்ஸ் செய்யும் நாற்காலி நட்ட நடுவில் இருந்தது. எனக்கு அந்தச் சுரம் கேட்கவே இல்லை, அதனால் ஏற்றிக்கொண்டே போனேன். பஸ் கண்ணாடி ஆடியது.

நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். பேஸை ஹெட்ஃபோனிலும் ஒரு தடவை சரிபாருங்கள். வாக்ஸெங்கோ ஸ்பான் மாதிரி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் இலவச அனலைசர் போட்டு, உங்களுக்குப் பிடித்த பாட்டொன்றின் கீழ்ப் பகுதியோடு உங்கள் பாட்டை ஒப்பிடுங்கள். பஸ்ஸிலும் அப்படியே. முதலில் தெரிந்த பாட்டு, அடுத்து உங்கள் பாட்டு. அந்த பஸ்ஸில் எல்லாப் பாட்டும் குமுறினால் குற்றம் பஸ்ஸுடையது.

போனில் பேஸ் காணாமல் போவது தனிக் கதை. நாலு கம்பி பேஸின் அடிச் சுரம் 41.2 ஹெர்ட்ஸ். போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது, எவ்வளவு ஏற்றினாலும். ஆனால் 82, 124, 165 என்று அதன் மடங்குகள் போகப் போக மேலே கிடைத்தால் அடிச் சுரத்தைக் காதே கற்பனை செய்துகொள்ளும். பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மடங்குகளைக் கூட்டும் லேசான டிஸ்டார்ஷன்) போட்டு 700 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக எட்டிப் பார்க்க வையுங்கள். ராக் பாட்டில் பேஸ் கொஞ்சம் அழுக்காக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘சவுண்டு கம்மி’

வேறு பாட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். லிமிட்டரை (உச்சத்தைத் தாண்டவிடாமல் நசுக்கும் கருவி) அழுத்தி மைனஸ் 7 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) வரைக்கும் கொண்டுபோகும் ஆசை வரும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கியதை அது 7 டெசிபல் இறக்கிவிடும், நசுங்கிய உருவம் மட்டும் மிஞ்சும், ஸ்னேர் டிரம் அடி பஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்குக்குள் (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சம்) வைத்து, டிரம்ஸ் துள்ளுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி. இரண்டு வெர்ஷன்களை அனுப்பி எது நல்லது என்று கேட்டால், சத்தம் கூடியதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சத்தம் கூடும்போது பேஸும் மேல் ஸ்தாயியும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்த வளைகோடுகளிலேயே இது இருக்கிறது. அதனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்படிச் செய்த பிறகு என் ‘பிரமாதமான’ புது வெர்ஷன்களில் பாதி பழையதிடம் தோற்றுப்போனது.

‘ஒரு கிட்டார் எங்க போச்சு?’

முதலில் கேளுங்கள்: இயர்போனை யாரோடாவது பங்கு போட்டுக் கேட்டாரா? பஸ்ஸில் ஆளுக்கு ஒரு காது என்று கேட்டால் இடது கிட்டார் ஒருவருக்கு, வலது கிட்டார் இன்னொருவருக்கு. எங்கள் டிரம்மரும் அவர் தம்பியும் இப்படிக் கேட்டுவிட்டு வீடு போய்ச் சேரும் வரை சண்டை போட்டார்கள்.

அப்படி இல்லையென்றால் மோனோவில் போட்டுப் பாருங்கள். ஒரே கிட்டார் டிராக்கைக் காப்பி எடுத்து, 15 மில்லிசெகண்ட் தள்ளி, இரண்டு பக்கமும் விரித்து வைத்திருக்கிறீர்களா? ஸ்டீரியோவில் கோட்டை அகழி மாதிரி அகலமாக இருக்கும். மோனோவில் இரண்டும் ஒன்று சேரும்போது 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழும். திருவிழா மைக் செட்டும் பல புளூடூத் ஸ்பீக்கர்களும் மோனோதான். குறுக்கு வழி கிடையாது, கிட்டாரை இரண்டாம் முறை வாசித்து ரெக்கார்ட் செய்யுங்கள்.

சட்டென்று தீர்பவை

‘ஊஊம்’ என்று ஒரு முனகல் அடியில் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரன்ட், கூடவே 100, 150. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘பர்ர்’ என்று வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், மெயின் கரன்ட் வரும் வரை டீ குடிக்கப் போங்கள். பக்கத்து அறை எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இதே வேலையைச் செய்யும்.

‘பாட்டு தூங்கி வழியுது, குரலும் கட்டையா இருக்கு’ என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் 44.1இல் ஓடுகிறதா என்று பாருங்கள். நாலு நிமிடப் பாட்டு நாலு நிமிடம் 21 நொடி ஆகியிருக்கும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருக்கும்.

‘கருத்து சொன்னேன், அதோட பேச்சு நின்னுபோச்சு’

இந்தக் கோளாறு கருத்து சொல்பவருடையது. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி தன் முதல் பாட்டை அனுப்பினான். நான் அன்று ஓய்வாக இருந்தேன், அதுதான் அவனுக்கு வந்த ஆபத்து. இருபத்திரண்டு குறிப்புகள் எழுதினேன், எல்லாம் சரியானவை. ‘ரொம்ப நன்றிண்ணா’ என்று பதில் வந்தது. அதன்பின் அவனிடமிருந்து பாட்டே வரவில்லை. ஒரு வருஷம் கழித்து ஆற்காட்டில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மக்கன் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கிட்டாரை வித்துட்டேண்ணா’ என்றான்.

இப்போது மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை. அந்த மூன்றையும் ஒரு வரிசையில் தேடுகிறேன். வாசிப்பில் தாளம் நழுவுகிறதா? அது சரியென்றால் அரேஞ்ச்மென்ட், அடுத்து சத்தச் சமநிலை, அதற்கும் பிறகுதான் ஈக்யூ, ரிவெர்ப். டிரம்ஸோடு பேஸ் சேராத பாட்டுக்கு ஸ்னேரில் 200 ஹெர்ட்ஸ் பற்றிப் பேசுவது, சுவர் இடிந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைப்பது.

சொல்லும் விதத்தில் ஒரு மாற்றம் செய்தேன். ‘கிட்டாரில் 3 கே-யைக் குறை’ என்று மருந்துச் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு, ‘1:12இல் என் கவனம் வாய்ஸிலிருந்து கிட்டாருக்குப் போச்சு, போன் ஸ்பீக்கரில் கேட்டேன்’ என்று எழுதுகிறேன். எனக்கு நடந்ததை நான் சொல்வதால் இதில் வாதாட இடமில்லை. காரணத்தை அவன் கண்டுபிடிக்கட்டும். கேட்டால் மட்டும் மருந்து சொல்வேன். ‘எனக்கு இந்த ஸ்னேர் பிடிக்கலை’ என்பதையும் ‘இந்த ஸ்னேர் கேட்கலை’ என்பதையும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. எந்தப் பாட்டு மாதிரி வர வேண்டும் என்று நினைத்தான் என்று தெரிந்துகொள்ளாமல் முதலாவதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

குறையைக் குழுவில் எழுதாதீர்கள், தனியாக எழுதுங்கள். பாராட்டைக் குழுவில் போடுங்கள்.

‘ஒருத்தர் டிரம்ஸ் அதிகங்கிறார், இன்னொருத்தர் பத்தலைங்கிறார்’

இருவரும் சரியாக இருக்கலாம். அதிகம் என்றவர் காரில் கேட்டிருப்பார், கிக் டிரம் அவர் வயிற்றில் இடித்திருக்கும். பத்தவில்லை என்றவர் போனில் கேட்டிருப்பார், ஸ்னேர் அவருக்குத் தூரத்தில் இருந்திருக்கும். டிரம்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டுச் சாமான்கள் இருக்கின்றன. இருவரும் தொட்ட நிமிஷம் ஒன்றா என்று பாருங்கள். ஒரே இடத்தை இருவர் தொட்டால், என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுங்கள், அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஏதோ இருக்கிறது.

ஒருவர் மட்டும் சொன்னதை எழுதி வையுங்கள், உடனே செய்யாதீர்கள். கருத்து வந்த அன்று ப்ராஜெக்ட்டைத் திறக்காமல் இருப்பது என் வழக்கம். முதல் நாள் எரிச்சல் இருக்கும், பதில் எழுத விரல் துடிக்கும், ‘அது வேணும்னுதான் அப்படி வெச்சேன்’ என்று. இரண்டாம் நாள் அதே குறிப்பைப் படித்தால் பாதி நியாயம் தெரியும்.

‘இது பதினாலாவது வெர்ஷன்’

புதிதாகச் செய்வதை நிறுத்துங்கள். மூன்றாவது, ஆறாவது, பதினாலாவது மூன்றையும் ஒரே சத்த அளவில், பெயரை மறைத்து, இதுவரை பாட்டைக் கேட்காத இருவருக்கு அனுப்புங்கள். எங்கள் பாலாற்றுப் பாட்டு ஆறாவது வெர்ஷனில்தான் வெளியே போனது. அதற்கப்புறம் செய்த எட்டும் என் மன நிம்மதிக்காகச் செய்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா இந்தத் தடவை ‘மணல்’ என்று சரியாக எழுதியிருந்தார். டிரைவர் அண்ணனும் பாகாயம் வரை ஓடவிட்டார்.

பேஸ் தம்பி மட்டும் ஏ கம்பி முதல் ஃப்ரெட் இன்னும் கொஞ்சம் ஏறணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையில் அவன் வாடகை அறைக்குப் போனேன். பத்துக்குப் பத்து. கட்டிலை நட்ட நடுவில் போட்டு, அதில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.